துப்பு சொன்னவருக்குக் காப்பு உண்டு, செய்தி சொன்னவருக்கு?

கேரள மலையோரத்து வண்டன்மேட்டைச் சுற்றியுள்ள ஏலத்தோட்டங்களில் நடப்பது வெளியே தெரிய வேண்டுமானால், உள்ளே இருக்கும் ஒருவர் வாய்திறந்தாக வேண்டும். செடிக்கு எந்த மருந்து எத்தனை நாளைக்கு ஒருமுறை அடிக்கப்படுகிறது, அடிக்கிற ஆளுக்குக் கையுறை உண்டா, விடியற்காலையில் தமிழ்நாட்டிலிருந்து கம்பம்மெட்டு ஏறி வரும் ஜீப்பில் எத்தனை பெண்களை நெருக்கி ஏற்றுகிறார்கள், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் பின்சுவர் அடுத்த இடவப்பாதி மழைக்குத் தாங்குமா என்பதையெல்லாம் எந்த அரசுக் கோப்பும் தானாக எழுதி வைப்பதில்லை. காய் எடுக்கும் பெண்ணுக்குத் தெரியும். ஜீப் ஓட்டுபவருக்குத் தெரியும். ஸ்டோரில் காய் உலர்த்துபவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் தெரியும். லயத்தில் குடியிருப்பவருக்கு வேலையும் வீடும் ஒரே கையிலிருந்து வருகின்றன. அந்தக் கை கோபப்பட்டால் கூலியோடு கூரையும் போகும். போதாக்குறைக்கு, இவை எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர்கள். ஒரு செய்தியைச் சொல்லியிருக்கக்கூடியவர்கள் என்று விரல்விட்டு எண்ணினால் ஒரு கை போதும். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் செய்தியாளரிடம் பேசத் துணிகிறார் என்றால், அதற்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு வாக்குறுதி: உங்கள் பெயர் என் வாயிலிருந்து வராது.

அந்த வாக்குறுதிக்கு இந்தியச் சட்டத்தில் கிட்டத்தட்ட இடமே இல்லை. செய்தியாளர் அதைக் காப்பாற்றுவது அவருடைய துணிச்சலைப் பொறுத்தது. நீதிபதி அதை மதிப்பது அவருடைய மனப்போக்கைப் பொறுத்தது. ஆனால் இதே சட்டத்தில், இதே வாக்குறுதியை இன்னொருவர் கொடுத்தால் அதற்கு முழுக் காப்பு இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 125-ஆவது பிரிவில், ஒரு குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று மாஜிஸ்திரேட்டையோ போலீஸ் அதிகாரியையோ கட்டாயப்படுத்திச் சொல்லவைக்க முடியாது என்றது. வரி ஏய்ப்பு பற்றிய தகவலுக்கு வருவாய் அதிகாரிக்கும் அதே சலுகை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியம் இதை 131-ஆவது பிரிவாக அப்படியே வைத்துக்கொண்டது. காரணம் எளிது: துப்பு கொடுப்பவரின் பெயர் வெளியே வந்தால் நாளை யாரும் துப்பு கொடுக்க மாட்டார்கள். இந்த நியாயத்தை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்ட சட்டம், அதே நியாயம் பத்திரிகைக்கும் பொருந்தும் என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. தோட்டத்துக்குள் சாராயம் காய்ச்சுவதாகப் போலீஸிடம் சொன்னவருக்குக் காப்பு உண்டு. அந்தச் சாராயத்துக்குப் போலீஸே மாமூல் வாங்குவதாகப் பத்திரிகையிடம் சொன்னவருக்குக் கிடையாது. செய்தி தந்தவரின் பெயரைக் காக்கும் உரிமை என்று நாம் பேசுவது செய்தியாளருக்குக் கேட்கும் தனிச்சலுகை அன்று. அதிகாரத்துக்குக் கீழே இருப்பவர் அதிகாரத்தைப் பற்றிப் பேசுவதற்கான உரிமை அது. செய்தியாளர் அதன் காவல்காரர் மட்டுமே.

இந்த ஓட்டை யாருக்கும் தெரியாமல் விடுபட்டதும் அன்று. இந்தியச் சட்ட ஆணையம் 1983-இல் தந்த 93-ஆவது அறிக்கை முழுக்க இதைப் பற்றியதுதான். சாட்சியச் சட்டத்தில் 132ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்க்க வேண்டும். பெயரை வெளியிட மாட்டோம் என்று வெளிப்படையாகவோ குறிப்பாலோ ஒப்புக்கொண்டு பெறப்பட்ட தகவலுக்கு, அதைத் தந்தவர் யார் என்று சொல்லும்படி நீதிமன்றம் வற்புறுத்தக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. 2003-இல் சாட்சியச் சட்டத்தை முழுமையாக ஆராய்ந்த 185-ஆவது அறிக்கையும் இந்தப் பரிந்துரையை மீண்டும் எடுத்துவைத்தது. பழைய சட்டத்தைக் கழித்துவிட்டுப் புதியதை எழுதுகிறோம் என்று 2023-இல் நாடாளுமன்றம் உட்கார்ந்தபோது, இரண்டு அறிக்கைகளும் கையருகே இருந்தன. கணவன் மனைவி பேசிக்கொண்டதற்குக் காப்பு தொடர்ந்தது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்குக் காப்பு தொடர்ந்தது. போலீஸின் துப்புக்கும் தொடர்ந்தது. செய்தி தந்தவருக்கான பிரிவு மட்டும் வரவேயில்லை. இன்று எழுத்தில் இருக்கும் ஒரே காப்பு 1978-ஆம் ஆண்டின் பத்திரிகை மன்றச் சட்டத்தின் 15(2) பிரிவு. அதுவும் பத்திரிகை மன்றம் நடத்தும் விசாரணையில் மட்டுமே நேராகச் செல்லும். தண்டிக்கும் அதிகாரமே இல்லாத ஓர் அமைப்பின் முன்னால் வாய்மூடியிருக்கும் உரிமையைத் தந்துவிட்டு, சிறைக்கு அனுப்பும் அதிகாரம் உள்ள இடங்களில் அதைத் தராமல் விட்டிருக்கிறோம்.

சட்டம் இல்லாவிட்டால் என்ன, நீதிமன்றங்கள் காப்பாற்றுகின்றனவே என்று கேட்கலாம். உயர்ந்த பீடங்களிலிருந்து நல்ல சொற்கள் வந்திருப்பது உண்மை. பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்கில் 2021 அக்டோபர் 27 அன்று தலைமை நீதிபதி என்.வி. ரமணா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, செய்தி மூலங்களைக் காப்பது பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை நிபந்தனைகளுள் ஒன்று என்றும், அந்தக் காப்பு இல்லாவிட்டால் பொதுநலன் சார்ந்தவற்றைச் சொல்லப் பலர் பின்வாங்குவார்கள் என்றும் கூறியது. பதினைந்து மாதங்கள்கூட ஆகவில்லை. 2023 ஜனவரியில் டெல்லி ரௌஸ் அவென்யூ நீதிமன்றத்தில் ஒரு சிபிஐ வழக்கு வந்தது. முலாயம் சிங் யாதவ் சொத்து வழக்கு தொடர்பான ஆவணம் ஒன்று ஊடகங்களில் வெளியானதைப் பற்றிய வழக்கு அது. செய்தியாளர்கள் மூலத்தைச் சொல்ல மறுத்ததால் விசாரணையை முடித்துக்கொள்வதாக சிபிஐ சொன்னது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விசாரணை அமைப்புகளிடம் மூலத்தைச் சொல்லாமலிருக்கச் செய்தியாளர்களுக்கு இந்தியாவில் சட்டப்படியான விலக்கு எதுவும் இல்லை என்று குறிப்பிட்டு, மேலும் விசாரிக்கும்படி உத்தரவிட்டது. அந்த நீதிபதியைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார், பிரிவு இல்லை. உச்ச நீதிமன்றத்தின் வாசகம் டெல்லியிலேயே இன்னொரு கட்டடத்துக்குப் போய்ச் சேராதபோது, இந்த மலையோரத்து நெடுங்கண்டத்திலோ கட்டப்பனையிலோ ஒரு காவல் நிலையத்தின் படியேறும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

காவல் நிலையப் படியில் நடப்பதுதான் இன்றைய உண்மையான சிக்கல். அந்தக் காலத்தில் செய்தியாளரைக் கூண்டில் ஏற்றி, யார் சொன்னது என்று கேட்க வேண்டியிருந்தது. அவர் மறுக்கலாம், சிறைக்கும் போகலாம். இன்று அவரைக் கேட்கவே வேண்டாம், செல்பேசியை வாங்கிக்கொண்டால் போதும். கேரளத்திலேயே இரண்டு சான்றுகள் அடுத்தடுத்து உள்ளன. 2023-இல், இணையச் சேனல் நடத்துபவர் ஒருவர் மீதான வழக்கில், குற்றஞ்சாட்டப்படாத மங்களம் நாளிதழின் பத்தனம்திட்டா செய்தியாளரின் செல்பேசியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. அவர் உயர் நீதிமன்றம் சென்றார். அந்த ஜூலையில் நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன், குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்லும் வழிமுறையைப் பின்பற்றாமல் செய்தியாளரின் செல்பேசியை எடுக்கக் கூடாது என்றார். 2024 டிசம்பரில், அரசுப் பணியாளர் தேர்வாணைய இணையதளத்தின் பயனர் விவரங்கள் கசிந்ததாகச் செய்தி வெளியிட்ட மாத்யமம் நாளிதழின் செய்தியாளருக்குக் குற்றப்பிரிவு நோட்டீஸ் அனுப்பியது. செய்தி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும், செல்பேசியைக் கொண்டுவர வேண்டும் என்பது கோரிக்கை. கேரளப் பத்திரிகையாளர் சங்கம் எதிர்த்துத் தெருவில் இறங்கியது. லட்சக்கணக்கான வேலை தேடுவோரின் விவரங்களுக்குப் பூட்டு சரியாக இருக்கிறதா என்பதைவிட, பூட்டு திறந்து கிடப்பதைச் சொன்னவர் யார் என்பதே அரசுக்கு முதல் கேள்வியாக இருந்தது.

மலையிறங்கினாலும் கதை மாறவில்லை. அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு 2024 டிசம்பரில் நேர்ந்த கொடுமையின் முதல் தகவல் அறிக்கை, காவல் துறையின் சொந்த இணையதளத்திலிருந்தே பதிவிறக்கும் நிலையில் கிடந்தது. அது வெளியானதற்குப் பொறுப்பு யார் என்று விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழு, செய்தியாளர்கள் சிலரின் செல்பேசிகளைப் பறிமுதல் செய்தது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஜி.கே. இளந்திரையன் அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படியும் செய்தியாளர்களைத் துன்புறுத்தக் கூடாது என்றும் உத்தரவிட்டார். டெல்லியில் 2023 அக்டோபர் 3 அன்று நியூஸ்கிளிக் இணைய இதழோடு தொடர்புடைய பலரின் வீடுகளில் ஒரே காலையில் சோதனை நடத்தி, செல்பேசிகளையும் மடிக்கணினிகளையும் அள்ளிச் சென்றார்கள். அடுத்த மாதமே, ஊடகத்தாரின் கருவிகளில் அவர்களுடைய செய்தி மூலங்களும் இருக்கும், இதற்கு வழிகாட்டு நெறிமுறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசிடம் சொன்னது. இவை நடந்தபோது திருவனந்தபுரத்தில் இடதுசாரி ஆட்சி, சென்னையில் திராவிட ஆட்சி, டெல்லியில் பாஜக ஆட்சி. கொடி எதுவானாலும் செல்பேசியின் மீது போலீஸ் வைத்த கண் ஒன்றுதான். ஆகவே இதை ஒரு கட்சியின் குற்றமாகச் சுருக்கிப் பேசுவது நோயை விட்டு நோயாளியைத் திட்டுவதாகும்.

செல்பேசியைத் திருப்பித் தரும்படி நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே, பிறகென்ன என்று தோன்றலாம். ஒரு பத்திரிகையாளருக்கு அது ஆறுதல்தான். செய்தி தந்தவருக்கு ஆறுதலே இல்லை. செல்பேசி போலீஸ் மேசையில் கிடந்த நாட்களில் அதில் யார் எண் இருந்தது, எந்த இரவு எத்தனை நிமிடம் பேசினார், எந்தப் புகைப்படத்தை அனுப்பினார் என்பது படிக்கப்பட்டிருந்தால், அதைத் திருப்பிக் கொடுக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. கொச்சி போன்ற ஒரு நகரத்தில் முகம் தெரியாத ஓர் எண் கூட்டத்தில் கரைந்துவிடலாம். வண்டன்மேட்டில் அப்படிக் கரையாது. எந்தத் தோட்டத்துக்குப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தது என்று தெரிந்தாலே, எந்த லயத்திலிருந்து வந்தது என்று மேற்பார்வையாளர் சொல்லிவிடுவார். ஆகவே இந்த உரிமையைப் பெயரை மறைக்கும் உரிமை என்று குறுக்கிப் புரிந்துகொண்டால் சிற்றூர்களுக்கு அதனால் பயன் இல்லை. அழைப்புப் பதிவு, குறுஞ்செய்தி, இருப்பிடக் குறிப்பு, கையெழுத்துக் குறிப்பேடு என்று ஆளை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் அது போர்த்த வேண்டும். நீதிமன்ற அனுமதியும் பறிமுதலுக்குப் பின்னால் வரக் கூடாது, முன்னால் வர வேண்டும்.

இந்த வாக்குறுதியால் நாடு என்ன பெற்றது என்று பார்ப்போம். போஃபர்ஸ் பீரங்கி பேரத்தின் ஆவணங்கள் 1980-களின் இறுதியில் 'தி இந்து'வில் சித்ரா சுப்ரமணியம், என். ராம் ஆகியோரின் உழைப்பால் வெளியாயின. கொடுத்தவர் யார் என்று அன்று கேட்காதவர் இல்லை. முன்பு சுவீடன் நாட்டுக் காவல் துறைத் தலைவராக இருந்த ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் 2012-இல், தானே அவர் என்று வெளியே வந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெயர் காக்கப்பட்டது. அவர் விரும்பிய நாளில்தான் வெளிவந்தது. 2019-இல் ரஃபேல் விமான பேர ஆவணங்களை இந்து வெளியிட்டபோது, அவை பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து திருடப்பட்டவை என்று அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். மூலத்தை யாருக்கும் சொல்லப்போவதில்லை என்றார் ராம். ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அரசின் ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டு, அந்த ஆவணங்களைப் பார்க்கலாம் என்றது. இவை இரண்டும் பெரிய பத்திரிகை, பெரிய பெயர், பெரிய வழக்கறிஞர் துணை உள்ள இடங்கள். அவர்கள் தாங்கினார்கள். மலையோரத்தில் பகுதிநேரமாகச் செய்தி எழுதி, மாதத்துக்குச் சில ஆயிரம் சம்பாதிக்கும் செய்தியாளர் எதைக் கொண்டு தாங்குவார்? சட்டத்தின் தேவை அவருக்குத்தான் அதிகம்.

மலையில் நடந்தவற்றையே பாருங்கள். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தெருவை அடைத்து உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் கேட்டார்கள், தங்கள் பெயரில் பேசும் தொழிற்சங்கத் தலைவர்களையே கேள்வி கேட்டார்கள். அவர்களுக்குப் பெயரை மறைக்கும் தேவை வரவில்லை, ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆயிரம் பேர் முகம் காட்டலாம், ஒருவர் மட்டும் காட்ட முடியாது. ஆயிரம் பேர் சேரும் நாள் பத்தாண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. மற்ற நாட்களுக்கு அந்த ஒருவர்தான் உண்டு. 2019 ஜூனில், பண மோசடி வழக்கில் நெடுங்கண்டம் காவல் நிலையத்தில் நாட்கணக்கில் அடைத்துவைக்கப்பட்ட ஒருவர், பீருமேடு சிறைக்குச் சென்றபின் இறந்தார். நீதிபதி நாராயண குருப் ஆணையமும் சிபிஐ விசாரணையும் பிறகு வந்தன. காவல் நிலையத்தின் பின்னறையில் நடப்பதைப் பார்ப்பவர்கள் காவலர்கள் மட்டுமே. அவர்களில் மனம் பொறுக்காத ஒருவர் பேசினால்தான் வெளியில் உள்ளவருக்குச் சுவடு கிடைக்கும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தது; எழுபது பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். இறந்த பிறகு லயத்தைப் பற்றி எழுத யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. மழைக்கு முன்பே ஒரு லயத்தின் நிலையைச் சொல்லத் துணிபவருக்குத்தான் மறைவு தேவை.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். குறை இருந்தால் தொழிலாளர் துறை அதிகாரியிடமோ விஜிலன்ஸிடமோ போகலாமே, பத்திரிகைக்கு ஏன் போக வேண்டும் என்பது முதல் கேள்வி. நல்ல கேள்விதான், அதற்கு விடையாக ஒரு கல்லறை இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த அதிர்ச்சியில் தொடங்கிய பேச்சு, முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டமாக 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் கையெழுத்தைப் பெற்றது. நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை மட்டும் இன்றுவரை வரவில்லை. அரசே தன் காதில் போட்டதைக் காக்க முடியாதபோது, எங்கள் காதில் மட்டும் போடுங்கள் என்று சொல்வதில் என்ன நியாயம்?

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. கேரள வாசகருக்கு அது நினைவிலும் இருக்கிறது. பெயர் சொல்லாத மூலங்களை நம்பித்தானே 1994-இல் இஸ்ரோ உளவுக் கதை பத்திரிகைகளில் மாதக்கணக்கில் ஓடியது? விஞ்ஞானி நம்பி நாராயணன் கைதானார், அவமானப்பட்டார். அது பொய் வழக்கு என்று 1996-இல் சிபிஐ சொன்னது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. விசாரணை வட்டாரம் என்ற முகமூடிக்குப் பின்னாலிருந்து வந்ததை, சரிபார்க்காமல் பக்கம் பக்கமாக அச்சிட்டார்கள் என்பதை மறுக்க முடியாது. அது நம் தொழிலின் கறை. ஆனால் அந்தக் கறை எதிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அன்று பேசியவர்கள் பயந்து ஒளிந்தவர்கள் அல்லர். லத்தியும் கோப்பும் கையில் வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு இழக்க எதுவும் இல்லை, பெயரை மறைத்தது வசதிக்காக. அச்சத்தால் மறைபவருக்கும் வசதிக்காக மறைபவருக்கும் வேறுபாடு காணாதது பத்திரிகையாசிரியரின் தவறு. அதற்கு மருந்து ஆசிரியர் குழுவின் ஒழுங்கும் அவதூறுச் சட்டமும்தான். செய்தி தந்தவர் பெயரைச் சொல்லாததால் பத்திரிகை பொறுப்பிலிருந்து தப்புவதில்லை, மாறாக முழுப் பொறுப்பையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது. சொன்னவரைக் காட்டமாட்டேன் என்பவர், சொன்னதை வேறு வழியில் நிரூபித்தாக வேண்டும். முடியாவிட்டால் இழப்பீடு கொடுத்தாக வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு வழக்குத் தொடுக்க ஆள் இருக்கிறார், அச்சிட்டவர்.

மூன்றாவது, நாட்டின் பாதுகாப்பும் கொடுங்குற்றங்களும். குண்டு வைக்கப்போகிறவனின் பெயர் செய்தியாளருக்குத் தெரிந்தால் அவர் மௌனமாக இருக்கலாமா? கூடாது. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. உலகில் இந்த உரிமையை எழுதிவைத்த சட்டங்கள் பலவும் விதிவிலக்கோடுதான் எழுதப்பட்டுள்ளன. பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, நீதி, நாட்டுப் பாதுகாப்பு, கலவரம் அல்லது குற்றத்தைத் தடுத்தல் ஆகியவற்றுக்கு அவசியம் என்று நிறுவினால் மட்டுமே மூலத்தைக் கேட்கலாம் என்கிறது. அந்தச் சட்டம் இருந்தும் வில்லியம் குட்வின் என்ற இளம் செய்தியாளர் ஒரு நிறுவனத்தின் நிதிநிலை பற்றித் தகவல் தந்தவரைச் சொல்ல மறுத்து அபராதம் கட்ட நேர்ந்தது. 1996-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தவறு என்றது. ஒரு நிறுவனத்தின் சங்கடம் நாட்டின் ஆபத்து ஆகாது என்பதே அதன் சாரம். இங்கேயும் கேள்வி விதிவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்பதில் இல்லை. விதிவிலக்கை யார் முடிவு செய்வது என்பதில்தான் இருக்கிறது. இன்று அதை முடிவு செய்பவர் வாசலில் வந்து நிற்கும் ஆய்வாளர். நாளை அதை ஒரு நீதிபதி, இரு தரப்பையும் கேட்டு, வேறு வழியில் அந்தத் தகவலைப் பெற முடியாது என்று உறுதிசெய்துகொண்டு, காரணத்தை எழுதி முடிவு செய்ய வேண்டும்.

நான்காவது, யார் செய்தியாளர்? கையில் செல்பேசியும் ஒரு யூடியூப் பக்கமும் உள்ள எல்லோருக்கும் இந்தக் காப்பா என்று ஏளனமாகக் கேட்கப்படுகிறது. அடையாள அட்டை வைத்திருப்பவருக்கு மட்டும் என்று சொன்னால், எல்லையோரத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து செய்தி தரும் பகுதிநேரச் செய்தியாளர்கள் பலர் முதல் நாளே வெளியேறிவிடுவார்கள். அட்டை கொடுக்கும் அரசோ யார் செய்தியாளர் என்று தீர்மானிக்கும் எசமானாகிவிடும். சட்ட ஆணையத்தின் பரிந்துரை இதற்கு நல்ல வழி காட்டியிருந்தது. அது ஆளைப் பார்க்கவில்லை, செயலைப் பார்த்தது: வெளியீட்டுக்குப் பொறுப்பேற்றவர், மறைப்பதாக ஒப்புக்கொண்டு பெற்ற தகவல். பொதுமக்களுக்காக வெளியிட்டு, அதற்குத் தன் பெயரில் பொறுப்பேற்பவர் எவரோ அவருக்குக் காப்பு. செய்தியாளர் என்ற பெயரில் மிரட்டிப் பணம் பறிப்பவர் தானே குற்றம் செய்தவர். அவர் பிடிபடுவது அவர் செய்த குற்றத்துக்காக, யாரிடம் பேசினார் என்பதற்காக அன்று.

செய்ய வேண்டியது என்ன? சாட்சியச் சட்டம் அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில் 12-ஆவது இனமாக உள்ளது. ஒன்றிய அரசு நாற்பதாண்டுகளாகக் கைகட்டி நிற்பதால் மாநிலங்களும் நிற்க வேண்டும் என்பதில்லை. கேரளச் சட்டமன்றமோ தமிழ்நாட்டுச் சட்டமன்றமோ சாட்சிய அதிநியத்தில் மாநிலத் திருத்தமாக அந்த ஒரு பிரிவை நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். ஒப்புதல் தாமதமாகலாம், மறுக்கப்படவும் கூடும். ஆனால் அதற்குக் காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. போலீஸ் மாநில அரசின் கையில்தான் இருக்கிறது. குற்றஞ்சாட்டப்படாத செய்தியாளரின் செல்பேசியை, கணினியை, குறிப்பேட்டை, அழைப்புப் பதிவை நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது; அனுமதி பெற்றாலும் வழக்குக்குத் தேவையான பகுதியை மட்டுமே, நீதிமன்ற மேற்பார்வையில் நகலெடுக்க வேண்டும் என்று ஓர் அரசாணை போட ஒரு வாரம் போதும். உயர் நீதிமன்றங்கள் இரண்டும் ஏற்கெனவே காட்டிய திசைதான் அது. 2020 நவம்பரில் காவல் சட்டத்தில், கருத்துரிமையை ஒடுக்கும் என்று விமர்சிக்கப்பட்ட 118ஏ பிரிவைச் சேர்த்த கேரள அரசு, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. கேட்கும் காது இருக்கிறது என்பதற்கு அது சான்று. இன்னொரு பக்கம் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2018 வரைவில் இருந்த பத்திரிகைப் பணிக்கான விலக்கைக் கைவிட்டுவிட்டது. அதையும் மீட்டாக வேண்டும்.

பத்திரிகைகளுக்கும் கடமை உண்டு. மறைவு தருவதாக எல்லோருக்கும் வாரி வழங்கக் கூடாது. அதிகாரிக்கு வசதியாக அதைத் தரவே கூடாது. தந்துவிட்டால், பிறகு காக்க முடியாதபடி செல்பேசியில் பெயரோடு சேமித்து வைக்கவும் கூடாது. 1910 செப்டம்பர் 26 அன்று, இந்த ஏலமலைகளும் அடங்கியிருந்த திருவிதாங்கூர் அரசு, சுதேசாபிமானி இதழின் அச்சகத்தைப் பறிமுதல் செய்து ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தியது. அன்று பத்திரிகையை நிறுத்த அச்சு இயந்திரத்தைத் தூக்க வேண்டியிருந்தது. ஊரே பார்த்தது, நூறாண்டு கடந்தும் மறக்கவில்லை. இன்று ஒரு செல்பேசியைக் காகித உறையில் போட்டு முத்திரை வைத்தால் போதும். பத்திரிகை மறுநாளும் வரும்; அச்சும் ஓடும். ஆனால் தோட்டத்திலிருந்து வர வேண்டிய அழைப்பு வராது. எந்தச் செய்தி வராமல் போனது என்பதும் யாருக்கும் தெரியாது. இந்த உரிமை பறிபோவதில் உள்ள பெரிய ஆபத்தே அதுதான்: இழப்பு கண்ணில் படாது. கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில் நெருக்கி நிற்கும் பெண், தான் பார்த்ததைச் சொல்லலாமா என்று யோசிக்கும்போது, போலீஸ்காரரிடம் துப்பு சொன்னவருக்குக் கிடைக்கும் அதே காப்பு தனக்கும் கிடைக்கும் என்று அவர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைத் தரும் ஒரு பிரிவைச் சட்டத்தில் எழுத, நாலு வரி போதும்.